கோடுகள் வெட்டும் இடம்

படத்தில் தச்சரின் கட்டைவிரல் நகத்தின் மேல் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது.

கடுகில் பாதிதான் இருக்கும். வேறு யாராவதாக இருந்தால் கவனித்திருக்க மாட்டார்கள். அவள் தையல்காரி, இருபது வருடமாகத் துணியில் ஒரு நூல் பிசகினாலும் கண்ணில் உறுத்துகிற பழக்கம். கேமராவின் திரையில் படத்தைப் பெரிதாக்கினாள். நகத்தின் வெள்ளைப் பிறை தெரிந்தது. விரல் மடிப்பில் ஒட்டியிருந்த மரத்தூள்கூடத் தெரிந்தது. புள்ளி மட்டும் தெளியவில்லை. ஓரம் மங்கி, நடுவில் கறுத்து, நகத்தின் மேல் ஒட்டாமல் நகத்துக்கும் அவளுக்கும் நடுவில் எங்கோ மிதப்பதாகத் தோன்றியது. சுத்தியல் பட்டு ரத்தம் கட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அது அவள் எடுத்த முதல் உருப்படியான படம். தைத்த உடுப்புகளைக் கைபேசியில் எடுத்து, சிவப்பெல்லாம் ஆரஞ்சாக வந்து, வாடிக்கையாளர்களிடம் பேச்சு வாங்கி அலுத்துப்போய்த்தான் கேமரா வாங்கினாள். பழைய கேமராக்கள் விற்கிற கடையில் கிடைத்தது. கனமானது, லென்ஸைக் கழற்றி மாட்டுகிற வகை. முன்னால் வைத்திருந்தவர் அதிகம் எடுக்கவில்லை என்றார் கடைக்காரர். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேமரா வந்த கையோடு ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலும் சேர்ந்துவிட்டாள். வகுப்பு எடுப்பவன் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன். அவள் அவனை 'சார்' என்பாள், அவன் அவளை 'அக்கா' என்பான். அதில் இரண்டு பேருக்கும் வருத்தமில்லை.

முதல் வகுப்பில் அவன் சொன்னது அவளுக்கு அப்படியே பிடித்துப்போனது.

"திரையில குறுக்கே ரெண்டு கோடு, நெடுக்க ரெண்டு கோடு வெச்சுக்கோங்க. நாலு இடத்துல வெட்டும். எது முக்கியமோ அதை அந்த இடத்துல வைங்க. முகம்னா கண்ணு. கைன்னா விரல். நடுவுல வெச்சா பாஸ்போர்ட் போட்டோதான் வரும்."

கோடு போட்டு, கோடு பார்த்து வெட்டுவதுதான் அவள் பிழைப்பே. நாலு இடங்களில் மேலே இடது பக்கத்து வெட்டை மட்டும் பிடித்துக்கொண்டாள். துணியிலும் அங்கிருந்துதான் அளவெடுக்க ஆரம்பிப்பாள். தச்சரின் கட்டைவிரலையும் அங்கேதான் வைத்திருந்தாள்.

வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே படத்தைப் பார்த்தார். பஸ் ஓட்டுகிறவர், எதையும் தூரத்திலிருந்தே பார்த்துவிடுவார். அவள் கிட்டே வரவும் மாட்டார். அவள் வேலை செய்யும்போது குண்டூசிகளைப் பெட்டியில் திருப்பிப் போடுவதில்லை. சட்டையின் மார்பில் இடது பக்கமாக அரையும் குறையுமாகக் குத்திக்கொண்டே போவாள். முப்பது நாற்பது சேர்ந்துவிடும்.

"உன் பக்கத்துல வர்றதுக்கே இன்ஷூரன்ஸ் எடுக்கணும்" என்றார். பத்து வருடமாக இதே ஜோக். பத்து வயது மகள், வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள், அதற்கு இன்றைக்கும் சிரித்தாள். ஒரே பெண். தவமிருந்து பெற்றது என்று அவள் வெளியில் சொல்வதில்லை. உள்ளுக்குள் அந்தக் கணக்கு எப்போதும் ஓடும்.

மறுநாள் பக்கத்துப் பட்டறைக்குப் போய்த் தச்சரிடம் படத்தைக் காட்டினாள்.

"அண்ணே, விரல்ல அடி பட்டுச்சா?"

"எனக்கா? இல்லையே." அவர் கட்டைவிரலைச் சட்டையில் துடைத்து நீட்டினார். நகம் சுத்தமாக இருந்தது. "உன் மிஷின்லதான் ஏதோ அழுக்கு. முப்பது வருஷமா ரம்பத்தோட குடும்பம் நடத்துறேன், ஒரு கீறல் கிடையாது."

பெருமையாகச் சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டார். அவள் படியிறங்கினாள். பின்னால் ரம்பத்தின் சத்தம் வழக்கம்போல மெல்லிய ஊளையாகத் தொடங்கி, பலகை உள்ளே போனதும் கனத்து, மரம் கருகுகிற இனிப்பு வாசனையோடு தெருவுக்கு வந்தது. திடீரென்று அந்தச் சத்தம் ஒரே ஒரு நொடிக்கு மாறியது. மரத்தை அறுக்கிற சத்தம் அவளுக்குத் தெரியும். இது வேறு. ஈரமாக, சுருக்கமாக இருந்தது. அப்புறம் மறுபடி வழக்கமான சத்தம்.

அவள் திரும்பி ஓடினாள். தச்சர் கத்தவில்லை. வலது கையை இடது கையால் பிடித்தபடி அதை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். ரத்தம் முழங்கை வரை இறங்கி, ரம்பத்தின் பல்லில் பட்டு, சுவர்வரை ஒரு கோடாகத் தெறித்திருந்தது. மேசைக்குக் கீழே மரத்தூளின் மேல் கட்டைவிரல் கிடந்தது. நகம் மேலே பார்த்திருந்தது. நகத்தின் நடுவில், புள்ளி இருந்த அதே இடத்தில், ரம்பத்தின் பல் ஒரு துளை போட்டிருந்தது.

அவள் துணி கட்டினாள், ஆட்டோ பிடித்தாள், விரலை ஒரு தூக்குச்சட்டியில் போட்டுக் கூடவே போனாள். ஒட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி சாதம் இறங்கவில்லை. புள்ளியைப் பற்றி வீட்டுக்காரரிடம் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் சிரிப்பார் என்று விட்டுவிட்டாள். சும்மா ஒரு தற்செயல் என்று தனக்குத் தானே நாலு தடவை சொல்லிக்கொண்டாள், ஐந்தாவது தடவை பாதியில் நின்றது.

அந்த வாரம் எடுத்த படங்களிலெல்லாம் புள்ளி இருந்தது. வானத்தில் இருந்தது. வெள்ளைச் சுவரில் இருந்தது. எதை எடுத்தாலும் மேலே இடது பக்கம், கோடுகள் வெட்டும் இடத்தில், மயிரிழை பிசகாமல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் அவசர வேலை. வாடிக்கையாளர் வாசலிலேயே நிற்க, ஒரு கவுனின் கீழ்மடிப்பை முடித்துக் கொடுத்தாள். முடித்ததும் வீட்டுப்பாடம் ஞாபகம் வந்தது: ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முகம், முகமும் பின்னாலிருப்பதும் இரண்டுமே தெளிவாக வர வேண்டும், லென்ஸ் துளையின் எண்ணைப் பதினொன்றில் வைக்க வேண்டும். குட்டியை ஜன்னலோரம் நிறுத்தி ஒரே ஒரு படம் எடுத்தாள். நோட்டில் 'ஜன்னல், 11' என்று எழுதினாள். திரையைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

"அக்கா, ஊசியோடயே வந்துட்டீங்க" என்றான் வகுப்புக்காரன். குனிந்து பார்த்தாள். மார்பு நிறையக் குண்டூசிகள். கழற்றி வைக்க இடமில்லை. ஷாலை இழுத்து மூடிக்கொண்டு கேமராவை நீட்டினாள்.

அவன் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துச் சிரித்தான். "இது தூசி, அக்கா. லென்ஸ் மாத்தும்போது உள்ள போய், படம் விழுற சென்சார்ல உக்காந்திருக்கும். எல்லார் கேமராலயும் வர்றதுதான்."

"போயிடுமா?"

"நான் சுத்தம் பண்ணித் தர்றேன், வகுப்பு முடியட்டும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. எண் சின்னதா இருந்தா, ரெண்டு ரெண்டரைன்னு, இந்தத் தூசி கண்ணுக்கே தெரியாது, கரைஞ்சுபோயிடும். பதினொண்ணு பதினாறுன்னு ஏத்தினா பளிச்சுனு வந்து நிக்கும். அதுக்காக வாயால மட்டும் ஊதிடாதீங்க. எச்சில் தெறிச்சா ஒண்ணு ஒம்பதாயிடும்."

இன்னொரு படத்துக்குத் தள்ளினான். போன ஞாயிறு அவன் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அவள் எடுத்தது. மற்ற மாணவர்கள் அவன் கண்ணைக் குறிவைத்திருந்தார்கள். அவளுக்கு முக்கியமாகப் பட்டது அவன் சட்டைக் காலர்தான். அத்தனை நேர்த்தியாகத் தைத்திருந்தது. காலர் விளிம்பை ஒட்டி, கழுத்தில், புள்ளி.

"எனக்கு மச்சம் வெச்சுட்டீங்களே" என்று கழுத்தைத் தடவிக்கொண்டு எழுந்து போனான்.

அவள் அவன் கழுத்தைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. தச்சர் நீட்டிய விரலும் இப்படித்தான் சுத்தமாக இருந்தது.

அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். பெரிய விளக்கு ஒன்று காலில் நின்று எரிந்தது, எரியும்போதே மெல்ல முனகியது. சூடான தூசியின் வாசனை. அவன் பேசிக்கொண்டே விளக்கைத் திருப்பப் போனான். முனகல் ஒரு சுருதி ஏறியது. அவளுக்கு மட்டும் கேட்டதோ என்னவோ, யாரும் திரும்பவில்லை. அவள் எழுந்து நின்றாள். சார், என்றாள். அவன் காதில் விழவில்லை. அவன் ஒரு கையால் திருகை இறுக்கினான், முகத்தை வகுப்பின் பக்கம் திருப்பினான், கழுத்தை விளக்குக்குக் காட்டியபடி.

பல்ப் வெடித்தது.

சின்னச் சத்தம்தான். கண்ணாடித் தூள் தரையில் மழைபோல விழுந்தது. அவன் சிரித்தபடியே நின்றான், ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், வாயிலிருந்து ரத்தம் வந்தது. அப்புறம் கழுத்திலிருந்தும் வந்தது, இதயம் அடிக்கிற தாளத்தில், விட்டு விட்டு, முன்வரிசையில் இருந்தவர்களின் மடிவரை. யாரோ வீறிட்டார்கள். நாற்காலிகள் சரிந்தன. அவள்தான் அவனைத் தாங்கிக் கீழே படுக்கவைத்தாள். ஷாலைச் சுருட்டிக் கழுத்தில் அழுத்தினாள், ஷால் நனைந்து கனத்தது. துளை எவ்வளவு சின்னது என்று அவள் விரலுக்குத் தெரிந்தது. விரல் நுனி வைத்தால் மூடிவிடலாம். வைத்தாள். உள்ளே சூடாக இருந்தது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், அந்தப் பார்வையில் வலியைவிடக் கேள்விதான் அதிகமாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் கேள்வியும் போய்விட்டது.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஷாலோடு அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் குழாயடியில் கை கழுவினாள். நக இடுக்கில் இருந்தது போகவில்லை. தேய்த்துக்கொண்டே நின்றவளுக்குக் காலையில் எடுத்த படம் ஞாபகம் வந்தது.

ஈரக் கையோடு கேமராவைத் திறந்தாள்.

ஜன்னல், வெளிச்சம், குட்டியின் முகம். எவ்வளவு அழகான படம். சொல்லிக்கொடுத்தபடியே எடுத்திருந்தாள். கண்ணை அந்த வெட்டில் வைத்திருந்தாள். கருவிழிக்குப் பக்கத்தில் இன்னொரு கருவிழி.

வீட்டுக்காரருக்குப் போன் அடித்தாள். வண்டி ஓட்டும்போது அவர் எடுக்கமாட்டார். வீட்டுக்கு அடித்தாள்.

"குட்டி, எங்கே இருக்கே?"

"ஜன்னல் கிட்ட. பின்னால புல் வெட்டுறாங்கம்மா. கல்லெல்லாம் பறக்குது."

"அங்கே நிக்காதே. உள் ரூமுக்குப் போ. கட்டில்ல உக்காரு. எதையும் தொடாதே. பென்சிலைக்கூடத் தொடாதே."

"ஏம்மா?"

"சொன்னதைச் செய்டா கண்ணு."

வீடு வந்து சேர்கிறவரை அவள் மூச்சு அவளிடம் இல்லை. பின்பக்கம் புல்வெட்டுகிற ஆள் முதுகில் மோட்டாரைச் சுமந்துகொண்டு சுவரோரமாக வந்துகொண்டிருந்தார். தகடு புல்லைச் சீவிச் சீவிக் கற்களைத் தட்டியது. டிக். ஜன்னல் கண்ணாடியில் ஒரு பொடிக்கல். பச்சைப் புல்லின் நெடி வீடு முழுக்க. டிக். குட்டி கட்டிலில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள், சொன்னபடியே, எல்லா விரல்களோடும், இரண்டு கண்களோடும். பார்த்ததும் அழுகை வந்தது, அழ நேரமில்லை.

திரைச்சீலைகளை இழுத்து மூடினாள். ஒரு சாக்கை எடுத்தாள். வெட்டுகிற கத்தரி, நூல் கத்தரி, தையல் பிரிக்கிற முள், ஊசி டப்பா, குண்டூசி டப்பா, மிஷினில் மாட்டியிருந்த ஊசி, சமையலறைக் கத்திகள், முள்கரண்டி, வீட்டுக்காரரின் ரேஸர், குட்டியின் காம்பஸ், பேனாக்கள், கண்ணாடித் தம்ளர்கள். சாக்கின் வாயைக் கட்டிக் கொல்லைப்புறத்துக் குப்பைத் தொட்டியில் தள்ளினாள். மூடியைச் சாத்தி அதன் மேல் ஒரு கல்லையும் வைத்தாள். திரும்பி வந்து ஒவ்வொரு அறையாகக் கையால் தடவிப் பார்த்தாள். மேசை முனை. ஆணி. ஆணியைப் பிடுங்கினாள்.

படத்தை அழித்தாள். அழித்ததில் நிம்மதி வரவில்லை. தப்பாகத் தைத்ததைப் பிரித்துவிட்டால் மட்டும் ஆகிவிடுமா? பிரித்த இடத்தில் ஊசி ஓட்டை வரிசையாகத் தெரியும். அதே இடத்தில் மறுபடி சரியாகத் தைத்தால்தான் மறையும். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். புள்ளியை எடுக்க வேண்டும். அதே ஜன்னல், அதே பெண், அதே கண். புள்ளி இல்லாமல்.

லென்ஸைக் கழற்றினாள். உள்ளே கண்ணாடி விலகி, ஆழத்தில் ஒரு சின்னச் சதுரம் மினுங்கியது. அதில் தூசி எதுவும் தெரியவில்லை. இருபது வருடமாகத் தையல் மிஷினின் பாபின் குழியில் பஞ்சு சேரும்போதெல்லாம் என்ன செய்வாளோ அதையே செய்தாள். குனிந்து, உதட்டைக் குவித்து, பலமாக ஊதினாள்.

ஊதி முடித்த பிறகுதான் அவன் சொன்னது ஞாபகம் வந்தது. விறைத்துப்போய் நின்றாள். லென்ஸை மாட்டி வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். அறை இருட்டாக இருந்தது. அந்த வெளிச்சத்தில் எண்ணை இரண்டுக்கு இறக்கினால்தான் படம் வரும். இறக்கினாள். எடுத்தாள்.

சுவர் சுத்தமாக இருந்தது. பெரிதாக்கினாள். மேலே இடது பக்கம். ஒன்றுமில்லை. மூலை மூலையாகப் பார்த்தாள், ஒரு புள்ளிகூட இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெளியே மோட்டார் நின்றது. திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தாள். புல்வெட்டுகிற ஆள் மிஷினை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இதைவிட நல்ல நேரம் வராது.

"குட்டி, வா. ஒரே ஒரு போட்டோ."

"இதுக்கா இவ்ளோ கலாட்டா?"

"காலையில மாதிரியே நில்லு."

நோட்டைப் பார்த்தாள். ஜன்னல், 11. அதன்படியே வைத்தாள். குட்டி வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி, காலையில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். கண்ணை அந்த வெட்டில் வைத்து மூச்சைப் பிடித்து அமுக்கினாள்.

"நல்லா வந்திருக்காம்மா?"

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். திரையில் குட்டியின் முகம் இருந்தது. கண்ணில் அந்தப் பழைய புள்ளி இருந்தது. அதைச் சுற்றி நெற்றியில் நாலு. இமையில் ஒன்று. மூக்கில், கன்னத்தில், உதட்டில், மறு கண்ணில். தொண்டையில் வரிசையாக. எச்சில் தெறித்த மாதிரியே. முப்பது. நாற்பது.

வெளியே மோட்டார் உறுமியது.

டிக்.

"அம்மா?"

டிக். டிக். குட்டி சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்கு நேராக. ஒரு சாண் தூரம்.

கேமரா கீழே விழுந்தது. அவள் பாய்ந்தாள். மகளின் தலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, தன் மார்போடு அணைத்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தாள். கண்ணாடி உடைந்தது. முதுகில் சில்லுகள் இறங்கின. ஒன்று தோளில் குத்தி நின்றது. எரிந்தது. எரியட்டும். எல்லாம் தன் முதுகில். குட்டி மேல் ஒன்றுகூட இல்லை.

"ஒண்ணுமில்லடா. அம்மா இருக்கேன்."

குட்டி திமிறினாள். பயம். இன்னும் இறுக்கினாள். குட்டி மூச்சு முட்டக் கத்தியது அவள் எலும்புக்குள் கேட்டது. சின்னக் கைகள் அவள் இடுப்பை அடித்தன, கிள்ளின, தள்ளின. விடமாட்டாள். செத்தாலும் விடமாட்டாள். பிடரியில் கை வைத்து முகத்தை இன்னும் உள்ளே அழுத்தினாள்.

"முடிஞ்சுது. முடிஞ்சுது கண்ணு."

மோட்டார் நின்றது. புல்வெட்டுகிற ஆள் எங்கிருந்தோ பதறிக் கூப்பிட்டார். கைகள் அடிப்பதை நிறுத்தின. அறையில் புல்லின் நெடி மட்டும் இருந்தது. அவள் வயிற்றில் சூடாக ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. தன் முதுகிலிருந்துதான் வழிகிறது என்று நினைத்தாள். முதுகிலிருந்து வயிற்றுக்கு எப்படி வரும் என்று அப்புறம் தோன்றியது.

பிடியைத் தளர்த்தினாள். குட்டியின் தலை தானாகப் பின்னால் சாய்ந்தது. முகத்தைப் பார்க்கும் முன் அவள் தன் சட்டையைத்தான் பார்த்தாள். இடது பக்கம், மார்பில், காலையில் குத்திய குண்டூசிகளில் ஒன்றுகூட அங்கே இல்லை.